நான் ஊற்றிவிட்ட கால்சியம்

தவளையைக் கொல்லும்போது அதன் தலையை முன்பக்கமாக மடக்கிப் பிடிக்க வேண்டும். பிடரியில் நகத்தால் தடவினால் ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். ஊசியை அங்கே இறக்கி, முதலில் மேல்நோக்கி மூளைக்குள் செலுத்திச் சுழற்ற வேண்டும். பிறகு வெளியே எடுக்காமலே திருப்பி, கீழே முதுகுத்தண்டுக்குள் இறக்க வேண்டும். அப்போது பின்னங்கால்கள் இரண்டும் விறைத்து நீளும். அதன்பின் துணிபோலத் தொங்கிவிடும்.

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் விலங்கியல் படித்தபோது எங்கள் வகுப்பில் இதை ஒரே குத்தில் முடிப்பவள் நான்தான். வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற சுபாவம் எனக்கு. ஆனால் ஊசியைப் பிடித்தால் கை நடுங்காது. பக்கத்து மேசைக்காரி சொல்வாள்: "பாவம்டி, உன்னக் கட்டிக்கப் போறவன்."

மார்பைத் திறந்தால் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் சொட்டு மருந்துகளை விட்டுப் பார்ப்போம். அசிட்டைல்கோலின் ஒரு சொட்டு விட்டால் துடிப்பு தளரும். அட்ரினலின் விட்டால் துள்ளும். இரண்டும் நரம்பு முனைகள் தாமாகவே சுரக்கிற பொருள்கள், அவற்றைத்தான் நாம் குப்பியிலிருந்து விடுகிறோம் என்று எங்கள் ஆசிரியை சொன்னார். கடைசியாகக் கால்சியம் குளோரைடு. அடர்த்தியான கரைசல், ஒரு சொட்டுதான். இதயம் பலமாக இரண்டு மூன்று முறை அடித்தது. பிறகு ஒவ்வொரு முறையும் சுருங்கியது போதுமான அளவு விரியவில்லை. கடைசியில் இறுகி, வெளுத்து, ஒரு சின்ன முஷ்டியாக நின்றுவிட்டது. உப்புநீரை விட்டு விட்டுக் கழுவினேன். திறக்கவில்லை.

"அளவா இருந்தா இதுதான் உயிரு. மிஞ்சினா இப்படி," என்றார் ஆசிரியை.

அந்தப் பேச்சின் முதல் பாதி எனக்கு மறந்துபோனது. முஷ்டி மட்டும் நினைவில் நின்றது.

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னைத் திருநள்ளாற்றில் கட்டிக்கொடுத்தார்கள். கணவருக்குக் காரைக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை. மாமியார் விதவை. வீட்டின் முன்னறைகள் இரண்டையும் சனிக்கிழமைகளில் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். குளத்தில் முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டு, ஈரத்தலையோடு வருகிறவர்கள். அவர்கள் சனியைத் தொலைக்க வந்தவர்கள். அதனால் அவர்கள் கண்ணில் எங்கள் வீட்டுப் பச்சைக்குழந்தை படக்கூடாது என்பது மாமியாரின் சட்டம். மகள் பிறந்ததிலிருந்து உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தோம். மற்ற நாட்களிலும் யாராவது வந்துகொண்டுதான் இருப்பார்கள். நானும் மறுக்கவில்லை. கண்ணேறில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் தலை துவட்டிக்கொண்டே வரும் அந்தக் கூட்டத்தில் யாருக்கு என்ன நோயோ என்று பயந்தேன். பயம் வேறுவேறு, ஜன்னல் ஒன்று.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் காலை, பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையின் கை மணிக்கட்டில் மடங்கியது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போனது. மற்ற விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிறகு உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. மாமியார் பெட்டிச் சாவியைக் கொண்டுவந்து அந்தக் கையில் திணித்தார். "இரும்பு இருந்தா வுட்டுடும்மா, பயப்படாத." விரல்கள் சாவியைப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, பேச்சில் எப்போதும் ஒரு குத்தல். குழந்தையின் காதுக்கு முன்னால் கன்னத்தை விரலால் தட்டினார். அந்தப் பக்கத்து உதடு வெடுக்கென்று துள்ளியது.

"வெயில்ல காட்டுறீங்களா?"

மாமியார் காரணத்தைச் சொன்னார். மருத்துவர் எழுதிக்கொண்டே, "சனீஸ்வரன் பாக்க வேண்டாம், சரி. அவரோட அப்பா சூரியன்தானே? அவராவது பாக்கட்டும்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மாமியாருக்கு வரவில்லை.

கால்சியமும் வைட்டமின் டி-யும் கலந்த வெள்ளை மருந்து, ஒரு பாட்டில். காலை ஒரு ஸ்பூன், மாலை ஒரு ஸ்பூன். கால்சியம் என்ற சொல்லை நான் இரண்டு முறை படித்தேன்.

நான் படித்தவள். மருந்தைக் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். சென்னையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த என் தம்பிக்கு எழுதினேன், நரம்பில் கால்சியத்துக்கு என்ன வேலை என்று. அவன் தன் வகுப்புக் குறிப்பை நான்கு பக்கம் பெயர்த்து எழுதி அனுப்பினான். நரம்பு முனையின் சுவரில் கால்சியத்துக்கென்று தனிக் கதவுகள் உண்டு. சமிக்ஞை வந்து சேர்ந்ததும் அவை திறக்கும். கால்சியம் உள்ளே பாயும். பாய்ந்ததும் உள்ளே பொட்டலம் பொட்டலமாக இருக்கிற பொருள் வெடித்து வெளியே கொட்டும். அது அடுத்த நரம்பையோ தசையையோ போய் உதைக்கும். அண்மையில் கண்டுபிடித்த ஒரு விஷயத்தையும் எழுதியிருந்தான்: அட்ரினலின் வகையைச் சேர்ந்த நார்அட்ரினலின் போன்ற சில பொருள்கள் வெளியிலிருந்து வந்து நரம்புச் சுவரைத் தொட்டால் அந்தக் கால்சியக் கதவுகள் ஒடுங்கிவிடுகின்றன. கொட்டிய பொருளே திரும்பி வந்து, கொட்டிய முனையின் கதவை ஒடுக்குவதும் உண்டு. இதயத்தில் கதவை அகலத் திறக்கிற அதே பொருள் நரம்பில் ஒடுக்குகிறது, வேடிக்கையாக இல்லையா என்று கேட்டிருந்தான். கடைசி வரி: "அக்கா, இதெல்லாம் பரீட்சைக்குப் படிக்கறது. டாக்டர் சொன்ன மருந்தக் குடு."

அந்த வரி தெரியாதபடி காகிதத்தை மடித்து வைத்தேன்.

என் மனதில் ஒரு கணக்கு உருவாயிற்று. கால்சியம் உள்ளே பாய்வதால்தான் நரம்பு வெடிக்கிறது. என் குழந்தைக்கு நரம்பு ஓயாமல் வெடிக்கிறது. ஐந்து மாதக் குழந்தையிடம் கதவை ஒடுக்குகிற பொருள் இன்னும் போதுமான அளவு ஊறவில்லை போலிருக்கிறது. ஒடுங்காத கதவுக்கு வெளியே மேலும் மேலும் கால்சியத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால்? தவளையின் முஷ்டி கண்முன் வந்தது. ஒரு வரியும் பிசகாத விடைத்தாள்போல எல்லாம் பொருந்தியது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

மாமியார் பார்க்க மருந்தை ஸ்பூனில் அளந்து, குழந்தையின் வாய்வரை கொண்டுபோவேன். பிறகு ஸ்பூனைக் கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போய் சாக்கடையில் கவிழ்ப்பேன். சில நாள் மனது தாளாது. அரை ஸ்பூன் புகட்டிவிட்டு, புகட்டியிருக்கக் கூடாதோ என்று குழந்தையின் மார்பில் காதை வைத்துக்கொண்டு கிடப்பேன். அந்த அரை ஸ்பூன்கள் எத்தனை என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது.

"ஏம்மா, கொல்லச் சாக்கடையில என்னா இவ்ளோ எறும்பு?" என்று ஒருநாள் மாமியார் கேட்டார்.

"டம்ளர் கழுவினேன் அத்தை, சீனி இருந்திருக்கும்."

அவர் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டார். மறுநாள் மறுபடி வந்தன.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. வெயிலில் காட்டச் சொன்னதை மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்தை ஊற்றுகிறவளுக்கு அவரோடு வாதாட வாய் வரவில்லை.

அன்று சனிக்கிழமை, உச்சிப்பொழுது. முன்னறையில் ஒரு குடும்பம் தங்கியிருந்தது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வாடகைக் காரில் வந்தவர்கள். நான் உள்ளறையில் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று அது சேவல் கூவுகிற மாதிரி மூச்சை உள்ளே இழுத்தது. இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. கை மடங்கியது. பாதங்கள் வில்லாக வளைந்தன. கண்கள் மேலே ஏறி வெள்ளை மட்டும் தெரிந்தது. பிறகு இழுப்பு ஆரம்பித்தது. பின்மண்டை என் முழங்கையில் மடார் மடாரென்று மோதியது. அவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. என்னால் பிடிக்க முடியவில்லை.

மாமியார் சாவியோடு ஓடிவந்தார். சாவி எகிறி விழுந்தது. "மாந்தம்டி! இது மாந்த இழுப்பு! அன்னிக்கே சுட்டிருக்கணும்!" சாமி விளக்கில் மஞ்சள் கிழங்கின் நுனியைக் காட்டினார். அது கருகிச் சிவந்தது. நான் என்ன செய்யப் போகிறார் என்று புரிந்துகொள்வதற்குள், மடியில் கிடந்த குழந்தையின் தொப்புளுக்கு மேலே அழுத்திவிட்டார். சொய்யென்றது. தோல் கருகிய வாடை வந்தது. குழந்தை அழவில்லை. அழுவதற்கு அதற்கு மூச்சு இல்லை.

பக்கத்தில் பித்தளைச் செம்பு இருந்தது. அதை எடுத்து அவர் நெற்றியில் அடித்தேன்.

முதல் அடிக்கு நான் காரணம் சொல்லிக்கொள்ள முடியும். கிழங்கு கீழே விழுந்துவிட்டது, அவர் பின்னால் சாய்ந்துவிட்டார், அப்புறமும் ஒன்று அடித்தேன். இரண்டாவது அடிக்கு என்னிடம் காரணம் இல்லை. புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. முன்னறைப் பெண் ஈரத்தலையோடு எட்டிப் பார்த்துவிட்டு அலறினாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து கணவர் அப்போதுதான் வந்தார். சைக்கிள் வாசலில் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்தவருக்கு முதலில் தெரிந்தது அம்மாவின் ரத்தமும் என் கையிலிருந்த செம்பும்தான். என்னை இழுத்து ஒரு அறை விட்டார். குழந்தை என் மடியில் துள்ளிக்கொண்டே இருந்தது. காதுக்குள் ஒரு ரீங்காரம். மறுபடி ஓங்கிய கையை, முன்னறைக்காரர்களின் கார் டிரைவர் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தார்.

"சார்! புள்ள நீலமாவுது சார்! அடிக்கிறத அப்பறம் வச்சுக்குங்க, வண்டிய எடுக்கறேன்!"

அந்தக் காரில்தான் போனோம். மாமியார் முந்தானையை நெற்றியில் அழுத்திக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். காரைக்காலிலிருந்து கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வழிவிடாதவர்களைப் பம்பரால் தள்ளிக்கொண்டே போனார். ஒருவர் கார் முகப்பில் ஓங்கிக் குத்தினார். "கோயிலுக்குப் போறவங்க மேல ஏத்துறியா? நாசமாப் போவ!" மாமியார் மட்டும் திரும்பாமல் ஒரு வார்த்தை சொன்னார்: "புள்ள நாக்கக் கடிச்சுக்காம பாரு."

ஆஸ்பத்திரியில் அதே மருத்துவர். குழந்தையின் கையைப் பார்த்ததுமே மருந்துக்குழாயை உடைக்கச் சொன்னார்.

"நான் எழுதிக் குடுத்த மருந்து குடுத்தியா?"

"குடுத்தேன்."

"ரெண்டு வேளையும்?"

"ரெண்டு வேளையும்."

ஊசியில் ஏற்றுவது என்ன என்று கேட்டேன். கால்சியம் என்றார் நர்ஸ். நான் பாய்ந்து மருத்துவரின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேண்டாங்க டாக்டர், நின்னுடும்!"

"என்னாது நின்னுடும்?"

"இதயங்க. நான் பாத்திருக்கேன்."

நர்ஸ் என் தோளைப் பிடித்துச் சுவரோடு தள்ளினார். தலையின் பின்பக்கம் இடித்தது. மருத்துவர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு, ஊசியை ரத்தநாளத்தில் ஏற்றி, என்னைப் பார்க்காமல் பேசினார். "நின்னுடும். வேகமாப் போட்டா நின்னுடும். அதுக்குத்தான் கேட்டுக்கிட்டே போடுறேன். வாய மூடிக்கிட்டு நில்லு."

அவர் கேட்கிற துடிப்புக்கு ஏற்ப அவருடைய செருப்பின் நுனி தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருமுறை அது மெதுவானது. அவர் ஊசியை அழுத்துவதை நிறுத்தினார். மறுபடி தட்டத் தொடங்கியது. ஊசிக்குழாயில் இருந்த மருந்து மயிரிழை மயிரிழையாக இறங்கியது. அது முடிவதற்கு முன்பே என் மகளின் உள்ளங்கையிலிருந்து கட்டைவிரல் வெளியே வந்தது. பிறகு ஒவ்வொரு விரலாகத் திறந்தன. பிறகுதான் சூடு பட்ட வயிற்றுக்காக அது வீறிட்டு அழுதது.

வெளியே தாழ்வாரத்தில் கணவர் தன் அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தார். "நீ சுட்டுத்தான் இப்படி ஆச்சு! கொன்னுருப்ப எம் புள்ளைய!" மாமியாரின் தோளைப் பிடித்து உலுக்கினார். கட்டுப் போட்ட தலை தூணில் மோதியது. "இன்னிக்கே பூவத்துக்கு, மாமா வூட்டுக்குப் போயிடு. இனிமே இஞ்ச உனக்கு வேல இல்ல." இழுப்பு வந்த பிறகுதான் சுட்டார் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லியிருக்கலாம். நான்கு அடி தூரத்தில் நின்றேன். சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்தில் குழந்தையின் வாயோரம் மறுபடி வெட்டத் தொடங்கியது. உடம்பும் சுட்டது. மருத்துவர் நீண்ட நேரம் தலை உச்சியைத் தடவிப் பார்த்தார்.

"மூணு வாரமா ரெண்டு வேளையும் மருந்து குடுத்தும் இப்படி வருதுன்னா இது வெறும் கால்சியக் குறைவு இல்ல. மூளைக்காய்ச்சலா இருக்கலாம். முதுகுத்தண்டுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்துப் பாக்கணும்."

நர்ஸ் தட்டைக் கொண்டுவந்தார். குழந்தையை ஒருக்களித்துப் போட்டார். ஒரு கையால் முழங்கால்களை வயிற்றோடு மடக்கினார். மறு கையால் தலையை முன்பக்கமாக வளைத்து, மோவாய் மார்பில் படும்படி அழுத்தினார். முதுகு வளைந்து எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மருத்துவர் விரலால் தடவிப் பள்ளம் தேடினார். எனக்குத் தெரியும் அந்தப் பிடி. அந்தத் தேடலும் தெரியும்.

"குடுக்கல," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை.

"டாக்டர், குத்தாதீங்க! மருந்து குடுக்கல. சாக்கடையில ஊத்திட்டேன். மூணு வாரமும் ஊத்திட்டேன்."

மருத்துவர் நிமிர்ந்தார். ஊசி கையிலேயே இருந்தது. கதவருகே நின்ற மாமியார்தான் முதலில் பேசினார்.

"அதானா எறும்பு!"

கணவர் என்னை நோக்கி வந்தார். முகம் கறுத்திருந்தது. கையை ஓங்கினார். நான் நகரவில்லை. அந்த அடி எனக்கு வேண்டும் என்றே தோன்றியது. மாமியார் குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்டா. இன்னிக்கு இந்தக் குடும்பத்துல யாரையும் அடிக்காத ஆளு அந்தப் புள்ள ஒண்ணுதான்."

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. "ராத்திரி வரைக்கும் கால்சியம் ஏத்திப் பாக்கறேன். சூடு எறங்கலன்னா குத்தத்தான் வேணும். நீ சொன்னது பொய்யின்னா இப்பவே சொல்லிடு." இல்லை என்றேன். ஒரு பொய்க்குப் பிறகு உண்மையைச் சொல்வது எவ்வளவு பலவீனமாக ஒலிக்கிறது என்று அப்போது தெரிந்தது.

குத்த வேண்டியிருக்கவில்லை. மாலைக்குள் சூடு இறங்கியது. வாயோரத்து வெட்டும் நின்றது.

மறுநாள் நான் என் கணக்கை மருத்துவரிடம் சொன்னேன், தம்பியின் கடிதம் உட்பட. அவர் பொறுமையாகக் கேட்டார். "கதவு, பொட்டலம், ஒடுக்கறது எல்லாம் சரிதான். உள்ள பாயுற கால்சியத்தப் பத்திப் படிச்சிருக்க. வெளியில நிக்கிற கால்சியத்தப் பத்திப் படிக்கல. நரம்புல சோடியத்துக்கும் கதவு உண்டு. வெளியில கால்சியம் காவலுக்கு நிக்கிறதாலதான் அந்தக் கதவு சும்மா சும்மா திறக்காம இருக்கு. ரத்தத்துல அது கொறஞ்சா, யாரும் தட்டாமலே நரம்பு வெடிக்கும். உம் பொண்ணோட வாசல்ல காவலே இல்ல. இருந்த ஒரு ஆளையும் நீ சாக்கடைக்கு அனுப்பிட்ட." மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டி, "படிச்சவங்ககிட்டதான் எனக்கு இந்தப் பாடு," என்றார்.

மாமியாரைப் பூவத்துக்கு அனுப்பும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே அவர் உள்ளறை ஜன்னலைத் திறந்தார். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. அம்மிக் குழவியால் தட்டித்தான் திறக்க முடிந்தது. மருந்தை இனி தானே புகட்டுவதாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை. காலையில் கொல்லையில் பாய் விரித்து, வெறும் உடம்போடு குழந்தையை வெயிலில் போடுவோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவருடைய காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். விழுந்தால் நடிப்பு என்று நினைத்துவிடுவாரோ என்று விட்டுவிடுவேன்.

கணவர் என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். ஆனால் அந்தக் கை அதன் பிறகும் இரண்டு முறை எழுந்ததை என்னால் மறக்க முடியவில்லை. தம்பியின் காகிதத்தை அப்போது மறுபடி எடுத்துப் படித்தேன். கொட்டிய பொருளே திரும்பி வந்து தன் கதவை ஒடுக்கும் என்ற இடத்தில் நிற்பேன். ஒரு நரம்பு முனைக்குத் தெரிகிறது, ஒருமுறை கொட்டியது போதும் என்று. செம்பைப் பிடித்த என் கைக்குத் தெரியவில்லை. எங்கள் இருவரையும் வெளியிலிருந்து வந்து யாரோ பிடிக்க வேண்டியிருந்தது. கணவரை முதலில் ஒரு வாடகைக் கார் டிரைவர், பிறகு அவர் அம்மா. என்னை யாரும் பிடிக்கவில்லை. குழந்தையின் இழுப்புதான் என் பார்வையைத் திருப்பியது.

மகள் பள்ளிக்குப் போகும் வயதில் ஒருநாள் சட்டையைத் தூக்கிக்கொண்டு, தொப்புளுக்கு மேலே இருக்கும் வட்டத் தழும்பைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். நான் எப்படிச் சொல்வது, எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாமியார் முன்னறையில் சனிக்கிழமைக்காரர்களுக்குப் பாய் உதறிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அது நான் உன்னச் சுட்டது. இஞ்ச வா, இது உங்கம்மா என்ன அடிச்சது." புருவத்தைத் தொட்டுக் காட்டினார். "ரெண்டும் ஒரே நாளு. உங்கம்மாவுக்கு என்னா தழும்புன்னு அவளையே கேளு, எறும்புக்குத்தான் தெரியும்."

வந்திருந்த பெண்கள் புரியாமல் சிரித்தார்கள். மகள் என்னிடம் ஓடிவந்து என் கைகளையும் கழுத்தையும் திருப்பித் திருப்பித் தேடினாள். எதுவும் கிடைக்காமல், "அம்மா, எங்க இருக்கு?" என்றாள். நான் அவளை மடியில் உட்கார வைத்து, முதலில் தவளையிலிருந்து ஆரம்பித்தேன்.